தீர்ப்பு வந்த பிறகு பூட்டிய பள்ளிகள்

பிரவுன் வழக்கு என்றாலே எல்லோரும் 1954 மே 17-ஐச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பு, வாதாடி ஜெயித்த தர்குட் மார்ஷல், அரசுப் பள்ளிகளில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து வைப்பது இனி செல்லாது. சரி, பெரிய வெற்றிதான். ஆனால் என் மனசு போய் நிற்பது வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்கிற சின்ன ஊரில்.

அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்தது மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்குக் கட்டியதில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் பத்தாமல் வெளியே கொட்டகை போட்டு, தார்த்தாள் சுற்றி, இதுதான் வகுப்பறை என்று கொடுத்தார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும், தள்ளி உட்கார்ந்தது கோட்டைக் கழற்றாமலே பாடம் கேட்கும். 'தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும்' என்று 1896-இல் இதே உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்ட ஏற்பாடு நடைமுறையில் இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண், பொய்யாக ஒரு போன் வர ஏற்பாடு செய்து தலைமை ஆசிரியரை வெளியே போகவைத்து, மொத்தப் பள்ளியையும் அரங்கில் கூட்டி, ஆசிரியர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மேடையேறிப் பேசினாள். அத்தனை பிள்ளைகளும் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு நல்ல கட்டடம், அவ்வளவுதான். உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், கட்டடத்துக்காக வழக்குப் போட மாட்டோம், இந்தப் பிரிவினையையே எதிர்ப்பதென்றால் வருகிறோம் என்றார்கள். பிழைப்புக்கு வெள்ளையரை நம்பியிருந்த ஊரில் பெற்றோர்கள் அதற்குச் சம்மதித்தார்கள் பாருங்கள், அந்தத் தைரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து பார்பராவை அலபாமாவில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வழக்கும் வேறு மாநில வழக்குகளும் சேர்ந்ததுதான் நாம் பிரவுன் வழக்கு என்று சொல்வது.

அப்புறம் 1955-இல் வந்த இரண்டாவது தீர்ப்பு. எப்போதிலிருந்து சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்ற கேள்விக்கு நீதிமன்றம் தேதி சொல்லவில்லை. நிதானம் கலந்த வேகத்தில் செய்யுங்கள் என்கிற மாதிரி ஒரு வாசகம் மட்டும். எனக்குக் கோபம் இதன் மேல்தான். உடனே செய் என்று சொல்லியிருந்தால் கலவரம் வெடித்திருக்கும், நீதிபதிகளுக்கு வேறு வழியில்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. கெடு இல்லாத உத்தரவை யார் எப்படிப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது ஊர் உலகத்துக்கே தெரியுமே.

ஃபார்ம்வில் இருக்கிற பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நான்கு வருடம் இழுத்தடித்தது. 1959-இல் இனி தப்பிக்க முடியாது என்றானதும், பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்காமல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் மூடிவிட்டது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. ஏறக்குறைய 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. சிலரை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள், சிலர் தேவாலயத்தில் கூடிக் கொஞ்சம் படித்தார்கள், பலர் வேலைக்குப் போய்விட்டார்கள். 1963-இல் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் வந்தன. அரசுப் பள்ளிகள் திறக்க 1964-இல் இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

என் மகள் இரண்டாம் வகுப்பு. கோடை விடுமுறை முடிந்து திரும்பினாலே நாலு நாள் எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறாள். அங்கே ஆறு வயதில் சேர வேண்டிய குழந்தை, தன் ஊர் அரசுப் பள்ளிக்குள் முதல்முறை காலை வைக்கும்போது பதினொரு வயது.

படிப்பை இழந்தவர்களுக்காக 2004-இல் வர்ஜீனியா ஒரு கல்வி உதவித்தொகை கொண்டுவந்தது. அந்த ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது.