முதலில் பிளக் பாயிண்ட், அப்புறம் வண்டி

போன மாதம் மட்டும் நான்கு பேர் இன்பாக்ஸில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "20 லட்சம் பட்ஜெட், குடும்பத்தோடு போகிற மாதிரி ஒரு எஸ்யூவி, ஹைபிரிடா எலெக்ட்ரிக்கா?" நான்கு பேரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் உங்கள் மீட்டரிலிருந்து ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருக்கிறதா? ஒருவர் அதோடு பதிலே போடவில்லை. நக்கலடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

நக்கல் இல்லை. அந்தக் கேள்வியில் தோற்றுத்தான் நானே ஹைபிரிட் வாங்கினேன், அதாவது பெட்ரோல் இஞ்சினோடு சின்ன பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த, பிளக்கே தேவைப்படாத வண்டி.

2025 ஜனவரியில் க்ரெட்டா எலெக்ட்ரிக் வந்தபோதே என் மனசு அதில் விழுந்துவிட்டது. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகிற வண்டி, பெரிய பேட்டரி 51.4 யூனிட் கொள்ளளவு. மூட்டு வலிக்காரரான மாமியார் ஏறி இறங்கிப் பார்த்து, "இது தேவலை" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய சான்றிதழ். இரண்டு தடவை டெஸ்ட் டிரைவ் போனேன். புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்னால் அசோசியேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனதுதான் வினை.

நாங்கள் இருப்பது பள்ளிக்கரணையில், 48 வீடுகள் உள்ள அடுக்ககம். கீழ்த்தளத்தில் பார்க்கிங். மீட்டர் ரூமிலிருந்து என் பார்க்கிங்குக்கு 40 மீட்டர் ஆர்மர்டு கேபிள், எம்சிபி, ஆர்சிசிபி என்கிற தனிப் பாதுகாப்பு சுவிட்சுகள் எல்லாம் சேர்த்து எலெக்ட்ரீஷியன் 38,000 ரூபாய் சொன்னார். என் செலவு, என் மீட்டர், என் ஈபி பில். இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"சார், உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு 48 பேரும் கேப்பாங்க, லோடு தாங்குமா?" என்றார் செயலாளர். "ராத்திரில தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்றார் இன்னொருவர். மூன்றாவது வீட்டு அம்மா கேட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது. "மிக்ஜாம் புயல் அப்ப அங்க இடுப்பளவு தண்ணி நின்னுச்சே, அந்த இடத்துலயா கரண்ட் லைன் இழுக்கப் போறீங்க?" 2023 டிசம்பரில் எங்கள் பகுதி எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிற ஊர் இது. பாயிண்ட்டைத் தலைக்கு மேல் உயரத்தில் வைக்கலாம், கசிவு வந்தால் ஆர்சிசிபி லைனைத் துண்டித்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்கள். அடுக்ககத்தில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று குடியிருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் ஏப்ரலில் பாளையங்கோட்டையில் என் மச்சினன் அதே க்ரெட்டா எலெக்ட்ரிக்கை எடுத்தான். சொந்த வீடு, வாசலில் போர்ட்டிகோ, எப்போதோ வாஷிங் மெஷினுக்குப் போட்டு வைத்த 15 ஆம்பியர் பாயிண்ட். யாரிடமும் கேட்கவில்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் ஆள் வைத்துப் பார்த்தான், அவ்வளவுதான். சுவர் சார்ஜர் இல்லாமல் இந்தச் சாதாரண பிளக்கில் போட்டால் முழு பேட்டரி ஏற 17, 18 மணி நேரம் ஆகும் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான். ஆனால் தினம் யார் காலி பேட்டரியோடு வீட்டுக்கு வருகிறார்கள்? 40 கிலோமீட்டர் ஓடினால் 6 யூனிட்தான் ஏற்ற வேண்டும். இரண்டு மணி நேர வேலை, சாப்பிட்டுவிட்டு சீரியல் பார்க்கிற நேரம்.

அவனுடைய ஈபி பில்லை நான் வாங்கிப் பார்த்தேன். கார் வருவதற்கு முன் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட், 1,500 ரூபாய்க்குள். இப்போது மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறான், 300 யூனிட் கூடி 750 ஆகிவிட்டது. பில் 4,300 சொச்சம். யூனிட் கூடினது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், பில் கூடினது மூன்று மடங்குக்குப் பக்கத்தில். 500 யூனிட்டைத் தாண்டியதும் மேல் ஸ்லாபுக்கான கட்டணம் ஏறுவது மட்டுமில்லை, கீழே கிடைத்துக்கொண்டிருந்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. "கிலோமீட்டருக்கு 50 காசு" என்று வீடியோ போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. இருந்தாலும் கணக்கு என்ன? 2,000 கிலோமீட்டருக்கு அவனுக்குக் கூடுதல் செலவு 2,900 ரூபாய்க்குள். லிட்டர் 101 ரூபாய் பெட்ரோலில் என் ஹைபிரிட்டுக்கு அதே தூரத்துக்கு 9,500 ரூபாய் ஆகிறது. ஸ்லாப் ஏறியும் அவன் ஜெயிக்கிறான். மாடியில் 3 கிலோவாட் சோலார் போடப்போகிறான், அதற்கு மத்திய அரசு மானியமே 78,000 ரூபாய்.

விலையிலும் ஒரு மாயம் இருக்கிறது. ஷோரூம் விலையை வைத்து "எலெக்ட்ரிக் இரண்டு மூன்று லட்சம் ஜாஸ்தி" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அரசாங்கத்தின் கண்ணுக்கு ஹைபிரிட் என்பது பெட்ரோல் வண்டிதான். 4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைபிரிட்டுக்கு செஸ்ஸோடு 43 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகியிருக்கிறது. எலெக்ட்ரிக்குக்கு அன்றும் இன்றும் 5. அதற்கு மேல் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். நான் அக்டோபரில் எடுத்தபோது இந்த ஒரு வரியே 3 லட்சத்தைத் தாண்டியது. மச்சினனுக்குப் பூஜ்யம், மின்வண்டிக்கு வரிவிலக்கு. கடைசியில் இரண்டு பேரும் ஆன் ரோடு கொடுத்த பணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, ஹைபிரிட்டில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மாருதியின் கிராண்ட் விடாரா, டொயோட்டாவின் ஹைரைடர் இரண்டிலும் வருவது ஒரே டொயோட்டா ஹைபிரிட் அமைப்புதான், இரண்டும் பெங்களூரு பக்கத்தில் உள்ள ஒரே பிடதி ஆலையிலிருந்து வருகின்றன. உள்ளே உள்ள பேட்டரி வெறும் 0.76 யூனிட். க்ரெட்டாவின் பேட்டரியோடு ஒப்பிட்டால் 68-ல் ஒரு பங்கு. இது எதற்குப் போதும் என்று நானும் நினைத்தேன். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற வேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த 500 மீட்டருக்கு அதைச் செலவழிக்கிறது. துரைப்பாக்கம் சிக்னலில் ஊர்ந்து போகும்போது பாதி நேரம் இஞ்சினே ஓடாது. அதனால் இதில் கணக்கு தலைகீழ். நெரிசலில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி, பைபாஸில் 100 வேகத்தில் போனால் 20-க்கு இறங்குகிறது. ஊருக்குள் ஓட்டாதவர் இதை வாங்கி என்ன பயன்? விளம்பரத்தில் உள்ள 27.97-ஐ நான் இதுவரை கண்ணால் பார்க்கவில்லை.

இன்னொன்று. ஒரு ஷோரூமில் விற்பனைப் பையன் எனக்கு மைல்டு ஹைபிரிட்டைக் காட்டி, "சார், இதுவும் ஹைபிரிட்தான், 3 லட்சம் கம்மி" என்றான். அதில் உள்ள மோட்டார் இஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், தனியாக வண்டியை ஒரு அடி நகர்த்தாது. பெட்ரோல் கார் என்று நினைத்து வாங்கினால் நல்ல வண்டி. ஹைபிரிட் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்தோம்.

டிக்கியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ஹைபிரிட்டில் பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் டிக்கியின் தளம் மேடாக இருக்கிறது. ஊரிலிருந்து திரும்பும்போது இரண்டு பெட்டி வைத்தால் 26 கிலோ அரிசி மூட்டைக்கு இடமில்லை. மூட்டை மாமியாருக்கும் சின்னவளுக்கும் நடுவில் சீட் பெல்ட் போட்டு வந்தது.

பொங்கலுக்கு இரண்டு வண்டியும் சேர்ந்தே சென்னையிலிருந்து திருநெல்வேலி கிளம்பின. 620 கிலோமீட்டர் சொச்சம். மச்சினன் திருச்சிக்கு முன்னால் ஒரு இடத்தில் சார்ஜ் போடத் திட்டமிட்டிருந்தான். அங்கே இரண்டு சார்ஜிங் கன், ஒன்றில் திரை இருட்டு. இன்னொன்றில் ஏற்கெனவே ஒரு நெக்ஸான் 54 சதவீதத்தில் நின்றது, ஓட்டுநரைக் காணோம். "அத்தான், காபி குடிச்சிட்டு வந்திருவோம், அதுக்குள்ள ஏறிரும்" என்றான். காபி குடித்தோம், அப்புறம் டிபனும் சாப்பிட்டோம். ஒன்றே முக்கால் மணி நேரம். யூனிட்டுக்கு 22 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 3 ரூபாய்க்கு மேல். வெளியே சார்ஜ் போட்டால் மிச்சம் இப்படிக் கரைந்துபோகும். வீட்டில் பிளக் இல்லாமல், பொது சார்ஜரை மட்டும் நம்பி எலெக்ட்ரிக் வாங்குகிறவர் தினமும் இந்தக் காபியைக் குடிக்க வேண்டியிருக்கும். ஆனால் மச்சினன் வருடத்துக்கு மூன்று தடவைதான் இந்தப் பயணம் போகிறான். மூன்று காபிக்காக மீதி நாள் பெட்ரோல் போடுவானேன் என்கிறான். அதுவும் நியாயம்தான்.

பேட்டரி பயத்துக்கு ஒரு வார்த்தை. இருவருக்கும் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. மஹிந்திராவின் பிஇ 6 போன்ற மின்வண்டிகளில் முதல் உரிமையாளருக்கு ஆயுள் வாரண்டியே உண்டு, கைமாறினால் அது சுருங்கும். பின்னால் வண்டியை விற்பதைப் பற்றி இப்போதே கவலைப்படுகிறவர் அந்தக் கடைசி வரியைப் படித்துக்கொள்ளட்டும்.

மாதம் 500, 600 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்களுக்கு இரண்டுமே வேண்டாம். சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை விட ஹைபிரிட்டுக்கு நான் 3 லட்சம் கூடக் கொடுத்தேன். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் மிச்சம் என்றால் போட்ட காசு திரும்ப ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். எனக்கே 7 வருடம் ஆகும். உங்களுக்கு 14. பிறகு ஏன் வாங்கினாய் என்றால், சிக்னலில் அந்த நிசப்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைக் கணக்கென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

வருகிற ஞாயிறு எங்கள் அசோசியேஷன் கூட்டம். இரண்டாவது மாடிக்காரர் ஒருவர் தூத்துக்குடியில் தயாராகிற வின்ஃபாஸ்ட் விஎஃப் 6 மின்வண்டிக்கு புக்கிங் போட்டுவிட்டு, பார்க்கிங்கில் பாயிண்ட் கேட்டு மனு எழுதியிருக்கிறார். ஏழு கையெழுத்து சேர்ந்திருக்கிறது. அந்த மூன்றாவது வீட்டு அம்மாவும் போட்டிருக்கிறார், பாயிண்ட் தலைக்கு மேல் உயரத்தில் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதி. எட்டாவது கையெழுத்து என்னுடையது.