பெயர்ப்பாளர் நிற்கும் இடமும் முக்கியம்

சைகைமொழிப் பெயர்ப்பாளரை அமர்த்திவிட்டாலே காதுகேளாத மாணவருக்குப் பாடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. அவர் ஜன்னலுக்கு முன்னால் நின்றால் பின்வெளிச்சத்தில் கையும் முகமும் இருட்டாகிவிடும். பலகையை ஒட்டி, ஆசிரியர் பக்கத்திலேயே நிற்கட்டும். பலரும் கோட்டைவிடுவது பேச்சுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளியில்தான். வரைபடத்தையும் சைகையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. படத்தைக் காட்டி, சில விநாடி பேசாமல் இருந்து, பிறகு விளக்க வேண்டும். கேள்வி கேட்டாலும் அப்படியே. பெயர்ப்பு சற்றுப் பின்தங்கித்தான் வரும், அதற்குள் மற்றவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். நீண்ட வகுப்புக்கு இரண்டு பெயர்ப்பாளர்கள் வேண்டும், சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள. (செலவு என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.) பாடத்தில் வரும் கலைச்சொற்களை முந்தின நாளே அவர்களிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் அவற்றை விரலால் எழுத்துக்கூட்டியே நேரம் போய்விடும்.