முதியோர் நலம், இரண்டாம் மாடி

மொத்தம் 44 படிகள். எண்ணியது நான் இல்லை, அப்பா. அவருக்கு 79 வயது. வலது முழங்கால் பத்து வருடமாக வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து படியைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு 'வந்த வழியே போயிடலாமா?' என்று பொருள்.

என்ன கூட்டத்துக்குப் போனோம் என்று கேளுங்கள். 'முதியோருக்கு உகந்த நகரம்: உங்கள் கருத்தைச் சொல்ல வாருங்கள்.' அதைத்தான் இரண்டாம் மாடியில் வைத்திருந்தார்கள். லிஃப்ட் கதவில் ஒரு தாள். 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.' தாளை ஒட்டியிருந்த செல்லோடேப் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. அத்தனை காலமாக வருந்திக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

திரும்பியிருக்கலாம். அப்பாதான், "வந்தது வந்தோம், ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார். சரி, ஏறினோம். இதைப் படிப்படியாகவே சொல்கிறேன், எனக்கு இன்னும் வயிறெரிச்சல் அடங்கவில்லை.

முதல் பதினோரு படி. கைப்பிடி இடப்பக்கம் மட்டும்தான். அப்பாவுக்கு அது தோதுப்பட்டது. பக்கவாதத்தில் இடது கை வராத ஒருவர் வந்திருந்தால் என்ன செய்வார்? சுவரைக் கெஞ்ச வேண்டியதுதான். படி முழுக்கப் பளபளவென்று கறுப்புக் கல். ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எனக்கே மட்டுப்படவில்லை. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளடைந்துவிடும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தால் போதும். ஒரு டப்பா பெயிண்ட், ஒரு பிரஷ், ஒரு மதியப்பொழுது. ஆனால் அழகு கெட்டுவிடுமே.

பதினோராம் படி தாண்டித் திருப்பத்தில் ஒரு திட்டு. மூச்சு வாங்க ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். அங்கே பிளாஸ்டிக் செடி வைத்திருந்தார்கள். அதன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றபோது, கீழிருந்து ஒரு தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். முதுகில் 'முதுமை இனிமை' என்று எழுதிய பனியன். விழா ஏற்பாட்டுத் தொண்டராம். "மெதுவா வாங்க தாத்தா, அவசரமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே எங்களை முந்திப் பறந்தான். அப்பாவுக்குக் கால் வலியைவிட அந்தத் 'தாத்தா'தான் வலித்தது. "என் பேரன்களே இப்படிக் கொஞ்சிக் கூப்பிடறதில்லை" என்றார். கையை நீட்டிப் பிடித்திருந்தால் தாத்தா என்றதைக்கூட மன்னித்திருப்பார்.

இருபத்திரண்டாம் படி. முதல் மாடி. அப்பாடா என்று நிமிர்ந்தால் காலடியில் தரையோடு ஒட்டாத ஒரு மிதியடி. 'நல்வரவு' என்று எழுதியிருந்தது. உலகத்தில் விபத்துக் காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான். அதில் அதிகம் சாகிறவர்கள் 60 தாண்டியவர்கள். நல்வரவு, நல்வரவு.

இருபத்திரண்டிலிருந்து நாற்பத்திரண்டு வரை எதுவும் சொல்வதற்கில்லை. அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது நோவுள்ள கால் முன்னால் என்பது பிசியோதெரபி பாடம். அதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நான் பின்னால், அவர் சாய்ந்தால் தாங்கலாம் என்ற நினைப்பில். அவர் எடை 80 கிலோ, என் எடை 60. யார் யாரைத் தாங்குவது என்று யோசித்தால் சிரிப்புத்தான் வரும்.

நாற்பத்து மூன்றாம் படிக்கு வந்தால் கைப்பிடி முடிந்துவிட்டது. கடைசி இரண்டு படிக்கு இல்லை. அமெரிக்க அணுகல் விதிகளைப் பாருங்கள், படி முடிந்த பிறகும் கைப்பிடி ஓரடி நீள வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். களைத்துப்போன உடம்பு தடுமாறுவது அந்தக் கடைசி இடத்தில்தான். இங்கே இரும்பு தீர்ந்துபோயிருக்கும்.

17 நிமிடம் ஆயிற்று. உள்ளே போனால் 'அவசரமே இல்லை' கூட்டம் எப்போதோ ஆரம்பித்தாகிவிட்டது.

திரையில் எட்டிதழ்ப் பூ ஒன்று. தெரிந்தவர்களுக்குத் தெரியும், உலக சுகாதார நிறுவனத்தின் பூ அது. 33 நகரங்களில் முதியவர்களையே உட்காரவைத்துக் கேட்டு, 2007இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். போக்குவரத்து, வீடு, மரியாதை, தகவல், மருத்துவம் என்று வாழ்க்கையை எட்டுப் பிரிவாக்கினார்கள். நல்ல வேலை, குறையே சொல்ல மாட்டேன். அதில் முதல் இதழ் என்ன தெரியுமா? வெளியிடங்களும் கட்டடங்களும்! பேச்சாளர் அந்த இதழைச் சுட்டிக்காட்டி, "அணுகல்தன்மை என்பது அடிப்படை உரிமை" என்றபோது, அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இளைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சாளர் மைக்கை வாங்கவில்லை. "எனக்கு மைக் தேவையில்லை, என் குரல் கணீரென்று கேட்கும்." இப்படிச் சொல்லும் ஆட்களுக்குத் தனி நரகம் ஒன்று கட்ட வேண்டும், அதுவும் லிஃப்ட் இல்லாமல். ஐயா, வயதான காதுக்குக் குறைவது சத்தம் மட்டுமில்லை, தெளிவும்தான். உயர்ந்த சுருதிதான் முதலில் போகும். மெல்லிய மெய்யொலிகள் எல்லாம் கழன்றுபோய் மிச்சம் ஒரு முனகல்தான் காதில் விழும். அப்பா என் பக்கம் சாய்ந்து, "நடைவாதைன்னா சொல்றார்?" என்றார். நடைபாதை என்று திருத்தினேன். "வாதைதான் சரி" என்று நிமிர்ந்துகொண்டார்.

அடுத்து எண்கள் வந்தன. 2050இல் உலகில் 60 வயது தாண்டியவர்கள் 210 கோடிப் பேர். 80 தாண்டியவர்களே 42.6 கோடி. அதை ஒரு பேரலை மாதிரி படம் போட்டு, 'முதியோர் சுனாமி' என்று தலைப்பும் கொடுத்திருந்தார். அறையில் இருந்த இருபது முப்பது சுனாமிகளும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டன. 44 படியை 17 நிமிடத்தில் ஏறிய சுனாமி என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சுனாமிதான் சொல்லாமல் வரும். 2050இல் 60 ஆகப்போகிறவர் எல்லாரும் எப்போதோ பிறந்தாகிவிட்டது, இந்தப் பேச்சாளரையும் சேர்த்து. முப்பது வருடம் முன்னாலேயே தேதி சொல்லி அனுப்பிவிட்டு வரும் விருந்தாளிக்குக் கதவைத் திறக்காமல், திடீரென்று வந்துவிட்டான் என்று அலறினால் எப்படி?

கடைசியில் கேள்வி நேரம். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அப்பா 44 படி ஏறினார். எழுந்து நின்று, எழுதிவைத்திருந்த சீட்டைப் பார்த்துக் கேட்டார்: "எங்கள் தெரு முனைச் சிக்னலில் பச்சை மனிதன் பத்து வினாடிதான் எரிகிறான். சாலை 12 மீட்டர் அகலம். வினாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால்தான் கடக்க முடியும். நான் 0.8 மீட்டர் நடக்கிறேன். பச்சை அணையும்போது எனக்கு இன்னும் நான்கு மீட்டர் பாக்கி இருக்கிறது. அந்த நான்கு மீட்டரில் நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?"

அப்பா வீட்டு மாடியில் டேப் பிடித்து அளந்து, கடிகாரம் வைத்து நடந்து பார்த்துக் கொண்டுவந்த கணக்கு இது. அவர் மட்டும் மெதுவாக நடக்கிறார் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 65 தாண்டியவர்களின் நடையை அளந்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி ஆண்களுக்கு 0.9, பெண்களுக்கு 0.8. ஆனால் அந்த ஊர்ச் சிக்னல் எதிர்பார்த்தது அதே 1.2. அமெரிக்காவில் 2009இல் சிக்னல் விதிநூலைத் திருத்தி, வினாடிக்கு 4 அடி என்றிருந்ததை 3.5 அடியாக இறக்கினார்கள். சிங்கப்பூரில் அதே 2009இல் முதியோர் அட்டையைக் கம்பத்தில் தட்டினால் பச்சை கூடுதலாக எரிய ஏற்பாடு செய்தார்கள். மூன்று வினாடி முதல் பதின்மூன்று வினாடி வரை கிடைக்கும். பாலமும் சுரங்கமும் வெட்டவில்லை, கடிகாரத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பேச்சாளர் என்ன சொன்னார் என்கிறீர்கள்? "அருமையான கருத்து, ஐயா. சுவரில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறோம். அதை ஸ்கேன் செய்து அங்கேயே பதிவு பண்ணிவிடுங்கள்."

எதிரில் நிற்கிற மனுஷன் வாயால் சொல்லிவிட்டாரே, அதை யாராவது ஒரு தாளில் எழுதக் கூடாதா? சரி, நானே ஸ்கேன் செய்தேன். முதல் கேள்வி, வயது. 18 முதல் 25. 26 முதல் 35. 36 முதல் 45. 46 முதல் 60. கடைசியாக, '60க்கு மேல்'. முதியோர் பற்றிய படிவம் இது! இளசுகளை நான்கு கூறாகப் பிரித்திருக்கிறார்கள். நேற்று ஓய்வுபெற்று மாரத்தான் ஓடுகிறவரையும், படுக்கையில் இருக்கும் அவருடைய 92 வயது அம்மாவையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். கருத்து எழுதும் பெட்டியில் 150 எழுத்துக்கு மேல் ஏறவில்லை. அப்பாவின் கேள்வி 'நான்கு மீட்டர் பாக்கி'யோடு வெட்டுப்பட்டது. அனுப்புவதற்கு முன் ஓடிபி. அந்த ஓடிபி அப்பாவின் போனுக்குப் போனது. அப்பாவின் போன் வீட்டில் சார்ஜில் இருந்தது.

இதைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "கழிவறை எங்கேன்னு கேட்டேன், கீழ்த்தளத்திலேன்னு சொல்லிட்டாங்க" என்றார். அதன் பிறகு எங்களால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. பேச்சாளர், முதியவர்களின் உற்சாகம் நெகிழ வைப்பதாகச் சொன்னார்.

இறங்கிய கதையைச் சொல்லப்போவதில்லை. 44ஐ இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் விட முடியாது. வந்தவர்களுக்கெல்லாம் நினைவுப்பரிசாக ஒரு எஃகுத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், மேலே அந்த எட்டிதழ்ப் பூ அச்சடித்தது. அதன் மூடியை அப்பாவால் திறக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. துணி சுற்றித் திருகினோம், வெந்நீரில் முக்கினோம், கதவிடுக்கில் வைத்து நெம்பினோம். இந்த மூடிகளை யார் செய்கிறார்கள், யாருடைய கையை அளவெடுத்துச் செய்கிறார்கள்? மாத்திரை டப்பா, ஊறுகாய் ஜாடி, ரிமோட்டின் பேட்டரி மூடி, எல்லாவற்றையும் ஒரே பயில்வான்தான் பூட்டி அனுப்புகிறான் போலிருக்கிறது.

பாட்டில் இன்னும் திறக்கவில்லை. காற்றுக்குப் பின்கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்து வைத்திருக்கிறோம். அந்த வேலையைக் குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் செய்கிறது.