பணம் வேண்டாம் என்றவரா நன்றி கெட்டவர்?

சினிமா பற்றி நால்வர் பேசி முந்தாநாள் வெளியான உரையாடலைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். தன் கதைகளை வைத்து எடுத்த படங்களில் தன் பெயரே வேண்டாம் என்ற ஆங்கிலேயக் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூரைப் பற்றிப் பேச்சு வந்ததும், "சினிமாவால் பிரபலமானவர், அந்த நன்றிகூட இல்லை" என்று ஒருவர் தீர்ப்பு வழங்க, மற்ற மூவரும் சிரித்தார்கள். படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூலக்கதையை எழுதியவருக்கு ஒழுக்கம் கற்பிக்கும் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

மூர் எழுதிய 'வாட்ச்மென்' காமிக்ஸ் 1986-87இல் 12 இதழ்களாக வந்தது. அது ஓராண்டு அச்சில் இல்லாமல் போனால் உரிமை மூருக்கும் ஓவியர் டேவ் கிப்பன்ஸுக்கும் திரும்பிவிடும் என்பது ஒப்பந்தம். காமிக்ஸ் இதழ்கள் சில மாதங்களில் கடையை விட்டு மறைந்துவிடும் காலம் என்பதால், அது நியாயமான ஏற்பாடாகவே அன்று தோன்றியது. அதை வெளியிட்ட அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகமான டிசி நிறுவனமோ அதை ஒரே நூலாகத் தொகுத்து இன்றுவரை அச்சிலேயே வைத்திருக்கிறது. புத்தகம் நன்றாக விற்றதே எழுதியவருக்கு வினையாக முடிந்தது. 2009இல் அது படமானபோது அவர் தன் பெயரும் வேண்டாம், பணமும் வேண்டாம், தன் பங்கைக் கிப்பன்ஸுக்கே கொடுங்கள் என்றார். அதற்கு முன்பே அவருடைய இன்னொரு காமிக்ஸான 'வி ஃபார் வெண்டெட்டா' படமானபோதும் இப்படித்தான் ஓவியர் டேவிட் லாய்டுக்கு விட்டுக்கொடுத்தார். பணத்தை மறுத்தவரை எந்தக் கணக்கில் நன்றி கெட்டவர் என்கிறீர்கள்?

"முதலில் படங்களுக்குப் பணம் வாங்கினாரே" என்பீர்கள். வாங்கினார். ஆனால் அவருடைய காமிக்ஸை வைத்து 2003இல் வெளிவந்த 'தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராடினரி ஜென்டில்மென்' படத்தின் மீது கதைத் திருட்டு வழக்கு வந்து, அந்தத் திருட்டை மறைப்பதற்காகவே அவர் காமிக்ஸ் எழுதியதாகக் குற்றம் சுமத்தப்பட்டு, தான் எடுக்காத படத்துக்காகப் பல மணி நேரம் வழக்கறிஞர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் போதும் என்று முடிவெடுத்தார். "அந்தக் காமிக்ஸில் அவரே நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்னின் கேப்டன் நெமோ பாத்திரத்தை எடுத்தாண்டவர்தானே" என்றும் சிலர் கிளம்புவார்கள். வெர்ன் 1905இலேயே இறந்துவிட்டார். அவரிடம் யாரும் ஒப்பந்தம் காட்டிக் கையெழுத்து வாங்கவில்லை. இதில் மேலும் பேச ஒன்றுமில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் சிறுகதை ஒன்றைக் குறும்படமாக எடுத்தவர் அதன் முடிவையே மாற்றினார். என் பெயர் நன்றிப் பட்டியலில், கேமரா வாடகைக்குக் கொடுத்த கடைக்கும் கீழே, எழுத்துப் பிழையோடு வந்தது. கேட்டதற்கு, "உங்கள் கதை நாலு பேருக்குத் தெரிந்ததே சார்" என்றார். மூருக்கு நடந்ததன் முன் இது ஒன்றுமேயில்லை, ஆனாலும் இன்றுவரை அந்தப் படத்தை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

சினிமாவை வெறுப்பவராம்! தன் ஊரான நார்தாம்ப்டனிலேயே நண்பர் மிட்ச் ஜென்கின்ஸ் இயக்க, 'தி ஷோ' படத்துக்குத் திரைக்கதை எழுதி அதில் நடித்தும் இருக்கிறார். காமிக்ஸை விட்டு விலகியவர் ஓய்ந்துவிடவும் இல்லை. 2024இல்கூட ஒரு புதிய மிகுபுனைவு நாவல் வரிசையைத் தொடங்கினார். தான் பிறந்த பகுதியை வைத்து அவர் எழுதி 2016இல் வெளிவந்த 'ஜெருசலேம்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நாவல். அந்த நால்வரும் அதில் ஐம்பது பக்கமாவது படித்துவிட்டு வரட்டும், பேசுவோம். அதுவரை "படம் நன்றாகத்தானே இருந்தது" என்று என்னிடம் வருபவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. படம் நன்றாக இல்லை என்று நான் எங்கே சொன்னேன்?