அந்த மதிலை எந்த ராஜாவும் கட்டவில்லை

இங்கிலாந்தில் நான் இருக்கும் நாரிச் நகரத்துக்கு என்னைப் பார்க்க யார் வந்தாலும் கேரோ குன்றுக்குக் கூட்டிப்போய்ப் பழைய மதிலைக் காட்டுவேன். போன வாரம் சித்தப்பாவோடு போயிருந்தேன். பக்கத்தில் ஒரு வழிகாட்டி தன் கூட்டத்திடம், "இது மன்னர் கட்டிய மதில்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சித்தப்பாவும், "ராஜான்னா ராஜாதான்டா, எப்படிக் கட்டியிருக்கான் பாரு" என்றார். எத்தனையாவது முறை இதைக் கேட்கிறேன் என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

ராஜா கட்டவில்லை. ராஜா கொடுத்தது ஒரு பத்திரம். 'உங்கள் ஊருக்கு விற்க வரும் சரக்குக்கு இத்தனை வருடம் சுங்கம் வாங்கி மதில் கட்டிக்கொள்ளுங்கள்' என்று முத்திரை போட்ட பத்திரம். அந்தச் சுங்கத்துக்கு மியூரேஜ் என்று பெயர். மதில் சுங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி காலத்தில் ஆரம்பித்து இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்று ஊர் ஊராகக் கொடுத்தார்கள். நாரிச்சுக்கு 1297-இல் கிடைத்தது. கெடு முடிய முடியப் புதுப்பித்தார்கள். மதில் வேலை 1340-கள் வரை இழுத்தது. ஐம்பது வருடம்! அப்பன் கட்டிய சுங்கத்தை மகனும் கட்டி, பேரனும் கட்டியிருப்பான்.

எதற்கெல்லாம் வாங்கினார்கள் என்று பாருங்கள். இந்தப் பத்திரங்களில் வழக்கமாக வரும் பட்டியல் இது: குதிரையோ மாடோ விற்க ஓட்டிவந்தால் தலைக்கு அரைப் பென்னி. பத்து ஆட்டுக்கு ஒரு பென்னி. ஒரு மாட்டுத்தோலுக்குக் கால் பென்னி. உப்பு, மீன், தேன், கம்பளி என்று எதையும் விடவில்லை. கால் பென்னிதானே என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். நாள் முழுக்க உழைத்த கூலியாளுக்கு ஒன்றரை, இரண்டு பென்னி கிடைத்த காலம் அது. முதல் பத்திரங்கள் வந்தபோது கால் பென்னிக்கு என்று புழக்கத்தில் தனி நாணயம்கூடக் கிடையாது. வெள்ளிப் பென்னியை நான்காக வெட்டிக் கொடுத்தார்கள்.

சரி, கொடுத்தவனுக்கு அந்த மதில் என்ன செய்தது? 1285-இல் வின்செஸ்டர் சட்டம் வருகிறது. மதில் உள்ள ஊர்களில் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை வாயிலைச் சாத்த வேண்டும் என்கிறது. மாட்டை விற்றுச் சுங்கம் கட்டிய நாட்டுப்புறத்தான் இருட்டுவதற்குள் வெளியே போயாக வேண்டும். அவன் வீடு மதிலுக்கு வெளியே. அவனைக் காக்க ஒரு கல்லும் இல்லை.

அதைவிட என்னைக் கொதிக்க வைப்பது விலக்குகள். செல்வாக்குள்ள ஊர்களும் மடங்களும் ராஜாவிடமிருந்து 'சுங்கம் வேண்டாம், மதில் சுங்கம் வேண்டாம், பாலச் சுங்கம் வேண்டாம்' என்று சாசனம் வாங்கி வைத்திருந்தன. அந்தச் சாசனத்தைக் காட்டினால் போகலாம். பெரிய வண்டி போய்விடும். பத்து ஆட்டோடு வந்தவன் நின்று காசை எண்ண வேண்டும். நாரிச்சிலேயே ரிச்சர்ட் ஸ்பிங்க் என்ற பணக்காரர் 1340-களில் மதில் வேலையை முடிக்கவும் ஆயுதங்களுக்கும் நிறையப் பணம் கொடுத்தார். அவர் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை, அது உண்மையான பணம். ஆனால் பதிலுக்கு அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் நகரத்தின் வரிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. ஐம்பது வருடம் அரைப் பென்னி அரைப் பென்னியாகக் கொடுத்தவர்களின் வாரிசுகளுக்கு யார் விலக்கு கொடுத்தார்கள்?

வாங்கிய காசாவது மதிலுக்குப் போனதா என்றால், அதுவும் சந்தேகம். 1275 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: அனுமதித்ததற்கு மாறாக மதில் சுங்கம் வாங்கினால் அந்த உரிமை நிரந்தரமாகப் பறிபோகும், கடுமையான அபராதமும் உண்டு. யாரும் தப்பு செய்யாமலா இப்படி ஒரு சட்டம் போடுவார்கள்? அப்புறமும் சுங்கம் வசூலித்தவர்களின் கணக்கைத் தணிக்கை செய்ய ராஜா ஆள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் கொட்டினேன். "நம்ம குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன்னு ஏன் கொண்டாடினாங்கன்னு இப்பப் புரியுது" என்றார். ஆமாம், சுங்கத்தை எடுத்த ராஜாவுக்கு அப்படி ஒரு பட்டமே நின்றுவிட்டது என்றால் அது மக்களை எவ்வளவு அரித்திருக்க வேண்டும்!

கடைசியாக ஒன்று. 1549-இல் இதே நாரிச்சைத் தாக்க வந்தது எந்த அந்நியப் படையும் இல்லை. பொது நிலத்தை வேலி போட்டு வளைத்ததை எதிர்த்து எழுந்த இந்த மாவட்டத்து விவசாயிகள். தலைவர் ராபர்ட் கெட், தோல் பதனிடுபவர். மதில் இல்லாத ஆற்றுப் பக்கமாக வென்சம் நதியை நீந்திக் கடந்து ஊருக்குள் புகுந்தார்கள். யாருடைய மாட்டுக்கும் தோலுக்கும் காசு வாங்கி மதில் எழுப்பினார்களோ, அவர்களுடைய வம்சம்தான் அந்தத் தண்ணீரில் இறங்கியது. அந்த டிசம்பரில் கெட்டை நாரிச் கோட்டையில் தொங்கவிட்டார்கள். நானூறு வருடம் கழித்து, 1949-இல், அதே கோட்டையில் அவருக்கு ஒரு கல்வெட்டு வைத்தார்கள். மதிலுக்குக் காசு கொடுத்தவர்களுக்கு ஒரு வரிகூட நான் இதுவரை பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மதிலைப் பார்க்கப் போகலாம் என்கிறார் சித்தப்பா. வழிகாட்டி அங்கே இருந்தால் இந்த முறை வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன். அந்த அரைப் பென்னி யாருடையது என்று எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறேன்.