பந்திப்பூர் தாண்டினால் பாக்கி தீர்ந்துவிடுமா?

என் மகளின் அப்பா புது பைக்கோடு நிற்கிற அந்தப் போட்டோவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. "பிள்ளையைக் காட்டி மாசாமாசம் காசு கறக்கிறாள்" என்று ஒரு பெரியம்மா எழுத, கூடலூர்ச் சொந்தத்தில் பாதி வந்து லைக் போட்டிருக்கிறது. மாசாமாசமா? வந்தால்தானே கறக்க முடியும்!

அது என் காசு இல்லை. அப்பா கட்ட வேண்டும் என்று கோர்ட் என் மகளுக்கு எழுதிய ஜீவனாம்சக் காசு. அவர் பெங்களூரில் வீடு பிடித்துவிட்டதால் அது தள்ளுபடி ஆகிவிடாது. ஜீவனாம்சத்துக்கான பழைய சட்டப்பிரிவு 125 போய் 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தின் 144 வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். இங்கே போட்ட உத்தரவை அவர் இருக்கிற ஊர் மாஜிஸ்ட்ரேட்டே நிறைவேற்றலாம் என்று அதே சட்டத்தின் 147 சொல்கிறது. கர்நாடக எல்லையில் இருக்கிற கக்கநல்லா செக்போஸ்ட்டோடு சட்டம் நின்றுவிடுவதில்லை.

ஆனால் நடப்பது வேறு. இங்கே ஸ்டேஷனில் கேட்டால் அங்கே போங்கள் என்கிறார்கள், அங்கே போனால் உங்கள் ஊரில் கேளுங்கம்மா என்கிறார்கள். ஒரு தடவை மகளையும் கூட்டிக்கொண்டு போய் இப்படி அலைந்துவிட்டுத் திரும்பும்போது ராத்திரி ஒன்பது தாண்டி பந்திப்பூர் காட்டு ரோட்டு கேட்டை மூடிவிட்டார்கள், குண்டல்பேட்டை பஸ் ஸ்டாண்டில் கொசுக்கடியில் விடியவிடிய உட்கார்ந்திருந்தோம். பாக்கிக்காகக் கோர்ட் போட்ட வாரன்ட் "விலாசத்தில் ஆள் இல்லை" என்று திரும்பி வருகிறது. போட்டோவில் மட்டும் ஆள் இருக்கிறார், நம்பர் பிளேட்டோடு! ஊட்டி பார்க்க வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிற நாட்டில் இந்த ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"பேசித் தீர்த்துக்கலாம், கொஞ்சம் பொறும்மா" என்ற பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால்தான் வாரன்ட் கிடைக்கும். நீங்கள் சொன்ன பொறுமையில் கரைந்தது என் மகளின் ஸ்கூல் ஃபீஸ்.

நீயும்தான் வேலைக்குப் போகிறாயே என்பீர்கள். போகிறேன். டீ ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிற சம்பளத்தில்தான் இவ்வளவு நாளும் ஓடுகிறது, அதனால் அப்பாவுக்கு விடுமுறையா? ஜெயிலில் போட்டால் எப்படிக் கட்டுவார் என்று ஒரு அண்ணன் உருகியிருக்கிறார். வெளியே இருந்தபோது கட்டினாரா அண்ணா? ஜெயிலுக்குப் போனாலும் கடன் தீராது என்று சுப்ரீம் கோர்ட் எப்போதோ சொல்லிவிட்டது.

அப்புறம், பிள்ளையைப் பார்க்க விடவில்லையாம். இதைப் படித்தபோதுதான் கை நடுங்கியது. பார்க்க வேண்டும் என்று ஒரு மனு போட்டாரா? பிறந்தநாளுக்கு ஒரு போன் வந்ததா? அன்றைக்கு முழுக்க என் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவள் அவள். அப்போது எங்கே போனீர்கள் எல்லாரும்? ஒரு பெரியம்மாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

இப்போது வக்கீல் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போடச் சொல்கிறார். அதில் சம்பளம் கொடுக்கிற கம்பெனியே பணத்தை நேராக நம்மிடம் கொடுக்கும்படி மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம். போடத்தான் போகிறேன். உடனே "வேலைக்கே உலை வைக்கிறாள்" என்று அடுத்த கமென்ட் வரும், தெரியும். எழுதுங்கள் பெரியம்மா. போட்டோவை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே வக்கீலுக்குப் போய்விட்டது.