நாயைப் பிள்ளையாகப் பார்ப்பதில் பாரமும் உண்டு
“செல்ல நாயை மனிதரைப் போலவே நடத்துபவர்களுக்கு மன அழுத்தம் குறைவு” என்று செல்ல நாய் வளர்ப்பவர்களைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. துணை கிடைக்கிறது, சரி. மாமா இறந்தபின் தனியாக இருக்கும் என் அத்தைக்குக் காலையில் முதல் பேச்சே அவர் வளர்க்கும் நாய் மணியிடம்தான். ஆனால் “நான் ஊருக்குப் போனா கோவிச்சுக்கும், சாப்பிடாது” என்று சொந்த அண்ணன் பேத்தி கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை. மணி செருப்பைக் கடித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றால், அது மனம் வருந்துகிறது என்று நம்பி, திட்டியதற்காக அன்று முழுக்க இவர் வருந்துவார். நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது: தின்னக் கூடாது என்ற பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பது முக்கியமாக இல்லை, உரிமையாளர் திட்டும்போதுதான் அந்தக் ‘குற்றமுள்ள’ முகம் அதிகம் வந்தது. இல்லாத கோபத்தையும் வருத்தத்தையும் நாயின் மேல் ஏற்றினால், அதைச் சுமப்பது வளர்ப்பவர்தான். அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒரு வாசகர் “மனுஷங்களைவிட நாயே மேல்” என்று எழுதியிருக்கிறார். அந்த வலி புரிகிறது. ஆனாலும் அத்தை காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி கொண்டுவந்ததும், மணியை வெளியே கூட்டிப்போனதும் பக்கத்து வீட்டுப் பெண்தான். இப்போது அவளிடம் மணியை விட்டுவிட்டு இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குகிறார். அப்படிப்பட்ட மனித உதவி இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் கட்டுரை பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.